அண்டியாபீஸில் ஒரு கேள்வித்தாள்

அம்மா 22 வருடம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்தில் ஓர் அண்டியாபீஸில் வேலை பார்த்தவர். முந்திரி ஆலையை எங்கள் ஊரில் யாரும் ஆலை என்று சொல்வதில்லை, அண்டியாபீஸ்தான். அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. காலையில் தூக்குவாளியோடு போவார், மாலையில் விரல் நுனி கறுத்து வருவார். அண்டித் தோட்டில் ஊறும் எண்ணெய் அப்படி, பட்ட இடம் பொத்துப்போகும். சின்ன வயதில் அம்மா சோறு உருட்டித் தரும்போது அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது நினைவிருக்கிறது.

நான் இப்போது பயிற்சி எடுப்பது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, நிலைத்தன்மை என்ற துறையில். பி.காம். முடித்து நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடம் இருந்தேன். அப்புறம் இதில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சொந்தக்காரர்கள் "தர்மம் செய்யிற வேலையா?" என்று கேட்கிறார்கள். சட்டமும் கணக்கும்தான் இதில் அதிகம்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் தொடங்கினோம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்டுவிட்ட கம்பெனி முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். முதல் மாதம் ஒரு மாதிரித் திட்டம் எழுதச் சொன்னார்கள். கம்பெனியின் சொந்தத் தொழிலாளிகளுக்கு மட்டும் ஒரு மருத்துவ முகாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். தன் ஊழியருக்குச் செய்வது முதலாளியின் கடமை, அதை இந்த 2 சதவீதத்தில் காட்டக்கூடாது என்பது விதி. இந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

ஓர் ஆலையால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று பார்க்கும் கார்பன் கணக்கு எனக்கு எளிதாக வந்தது. ஜெனரேட்டரில் எரியும் ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு, பொது மின்கட்டமைப்பிலிருந்து (கிரிட்) வரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. ரசீதுகள் கையில் இருந்தால் பெருக்கிக்கொண்டே போகலாம். ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் போகும்போது முப்பந்தல் காற்றாலைகள் கண்ணுக்கு எட்டிய மட்டும் சுற்றுகின்றன. ஆனாலும் நம் ஆலைக் கணக்குக்கு எடுப்பது நாடு முழுவதற்குமான அந்தச் சராசரி எண்ணைத்தான். முதலில் அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் களப்பயிற்சிக்கு ஓர் அண்டியாபீஸுக்கு அனுப்பினார்கள். அம்மா வேலை பார்த்த இடம் அல்ல. அந்த ஆபீஸ் சிறியது, 135-ஆம் பிரிவு அதன் பக்கமே வராது. ஆனால் அங்கே முந்திரிப்பருப்பு வாங்கும் பெரிய கம்பெனி பங்குச்சந்தையில் இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் கம்பெனிகள் 2022-23 முதல் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பைப் பற்றிய பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்று பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி சொல்லிவிட்டது. அதன் ஒன்பது கோட்பாடுகளில் மூன்றாவது ஊழியர் நலம். சரக்குக் கொடுக்கும் இடங்களில் வேலை செய்கிறவர்களும் அதில் அடக்கம். அதனால்தான் கருங்கல் வரைக்கும் ஒரு கேள்வித்தாள் வந்து சேர்ந்தது.

அதில் ஒரு கேள்வி, தொழிலாளிகளுக்குக் கையுறை தரப்படுகிறதா என்பது. ஸ்டோர் ரூமில் பிரிக்காத கையுறைப் பெட்டி இரண்டு இருந்தது, வாங்கிய பில்லும் காட்டினார்கள். 'ஆம்' என்று டிக் போட்டேன்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "உறை போட்டா அண்டி கைக்கு நிக்காது மக்ளே. கிலோ குறையும். கிலோ குறைஞ்சா கூலி குறையும். நாங்க எண்ணெயும் சாம்பலும்தான் பூசுவோம்."

எட்டு மாதம் படித்தவள், 22 வருடம் அந்தக் கைகளைப் பார்த்து வளர்ந்தவள், பெட்டியைப் பார்த்து டிக் போட்டு வந்திருக்கிறேன். அன்று தூக்கம் வரவில்லை. அந்தத் தாள் அப்படியே போயிருந்தால் எங்கோ ஒரு பளபளப்பான அறிக்கையில் அது நூறு சதவீதம் என்று அச்சாகியிருக்கும்.

மறுநாள் பொறுப்பாளரிடம் சொல்லித் தாளைத் திரும்ப வாங்கினேன். மறுபடி போய், உடைக்கும் இடத்தில் அக்காமார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒருவர் கையிலும் உறை இல்லை. கையை விரித்துக் காட்டச் சொல்லவே கூச்சமாக இருந்தது. அவர்களே காட்டினார்கள். ஓர் அக்கா, முழு உறை வேண்டாம், கட்டைவிரலுக்கும் பக்கத்து இரண்டு விரலுக்கும் மட்டும் மெல்லிசாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். அப்படி ஒரு பதிலுக்குக் கேள்வித்தாளில் கட்டம் கிடையாது. 'இல்லை' என்று மாற்றிவிட்டு, அவர் சொன்னதைப் பின்பக்கத்தில் எழுதினேன். கிலோ கணக்கில் கூலி இருக்கும்வரை எந்த உறையும் பெட்டியிலேயே கிடக்கும் என்பதையும் சேர்த்தேன்.

முதலாளி கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பத்துப் பேருக்கு விரலுறை வாங்கித் தருவதாகவும், உறை போடும் நாட்களில் எடை குறைந்தாலும் கூலியைக் குறைக்காமல் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன். எடை எழுதும் நோட்டைக் கேட்டிருக்கிறேன். உறை போட்ட நாளில் எத்தனை கிலோ, போடாத நாளில் எத்தனை கிலோ என்று பார்க்க வேண்டும். அம்மாவும் கூட வருகிறேன் என்கிறார்.