எந்தப் பக்கம் நழுவியது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இப்போது மிளகாய் காயவைக்க இடமில்லை. பந்தல் போட்டு மிஞ்சிய சவுக்குக் கழிகள் நான்கையும் கவிழ்த்த பூந்தொட்டிகள் எட்டையும் வைத்து என் மகள் அங்கே குதிரை தடை தாண்டும் மைதானம் ஒன்று அமைத்திருக்கிறாள். கோடை விடுமுறைக்கு பிரான்சிலிருந்து வந்து பன்னிரண்டு நாளாகிறது. ஒன்பது வயதுப் பெண், குதிரை இல்லாத குறையைத் தன் இரண்டு காலாலேயே தீர்த்துக்கொள்கிறாள். என் அம்மா மிளகாய்த் தட்டோடு படியேறி வந்து, பார்த்துவிட்டு, முணுமுணுத்தபடி இறங்கிப் போகிறாள்.

தாண்டும்போது மகள் கத்துகிற பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் எனக்குப் புரிகின்றன. போன ஆகஸ்ட் மாதம் இதே மாடியில் நின்றிருந்தால் ஒன்றுகூடப் புரிந்திருக்காது.

என் கணவரின் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக்கொடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அறுபது ஆண்டு கழித்து, பாரிசிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடத் தொலைவில் உள்ள ஓர் ஊரில் நான் குடியேறினேன். தெருப் பலகைகளில் பிரெஞ்சு பார்த்து வளர்ந்தவள், பள்ளியில் இரண்டாம் மொழியாக அதையே படித்தவள் என்ற தைரியம் இருந்தது. சந்தையில் தக்காளி வாங்கும் வரைக்கும் அது செல்லுபடியானது.

அதற்கு மேல் எனக்கு ஒரே வழிதான்: புரியாவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிடுவது. வங்கியிலும் பள்ளி வாசலிலும் அடுத்த வீட்டு அம்மாளிடமும் அது என்னைக் காப்பாற்றியது. குதிரை மைதானத்தில்தான் காலை வாரிவிட்டது.

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் புதன்கிழமை வகுப்பு கிடையாது. அன்று பிள்ளைகளை நீச்சலுக்கோ ஜூடோவுக்கோ அனுப்புவார்கள். என் மகளின் தோழி குதிரைக்குப் போனாள். இவளும் போக வேண்டும் என்றாள். யானை விலை குதிரை விலை என்று ஊரில் சொல்லிப் பழகிய எனக்கு வயிற்றைக் கலக்கியது. போய்ப் பார்த்தால், சேற்று பூட்சோடு நின்றிருந்தவர்கள் எங்களைப் போல மாதக் கடைசியை எண்ணுகிறவர்கள். குதிரைகளும் பெரிதில்லை. தோள்மேட்டு உயரம் லாடம் இல்லாமல் 1.48 மீட்டருக்குள் இருந்தால் அது போனி. என் மகளுக்குக் கொடுத்தது அதிலும் குட்டை, என் மார்பளவுதான்.

வாங்கவேண்டியவற்றின் பட்டியலில் முதல் வரியே 'போம்ப்' என்றிருந்தது. அகராதியைப் புரட்டினேன்: வெடிகுண்டு. குதிரையேறுவோர் போடும் உருண்டைத் தலைக்கவசத்துக்கும் அதே பெயர்தான் என்று கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். சில வாரம் கழித்து, அடுத்த புதன்கிழமை குட்டியாக ஒரு 'குருவாசியோன்' என்று பயிற்சியாளர் சொன்னார். என் காதில் குருவாசான் என்று, அந்தப் பிறை வடிவ ரொட்டியின் பெயராக விழுந்தது. நேரு வீதி பேக்கரியில் தின்று வளர்ந்த வாய் ஆயிற்றே! வகுப்பு முடிந்ததும் சிற்றுண்டி போலிருக்கிறது என்று நினைத்து, வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோனேன். முறுக்கு ஐந்து நிமிடத்தில் காலியானது. யாரும் காரணம் கேட்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. நவம்பரில் நடந்தது அப்படியில்லை.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. வகுப்பு முடிகிற நேரத்துக்குத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். பயிற்சியாளர் என் அருகில் வந்து, இரண்டு விரலைக் காட்டி ஏதோ சொல்லி, 'தெரோபாத்' என்றார். 'ரோப்' என்றால் கவுன். மகள் அன்று புதிதாக வாங்கிய கால்சட்டை போட்டிருந்தாள். உடையைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, "நன்றி, தள்ளுபடியில் வாங்கினோம்" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல மகளின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

பஸ் நிறுத்தம் வரை மகள் பேசவில்லை. நிறுத்தத்தில் நின்றபோது சொன்னாள்: "அம்மா, போனி இரண்டு முறை கழிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. மூன்றாவது முறை பக்கவாட்டில் ஓடிவிட்டது. நான் அதன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். அதைத்தான் அவர் சொன்னார். நீ தள்ளுபடியைப் பற்றிப் பேசுகிறாய்."

முன்னால் வந்து நின்றுவிடுவது 'ரெஃப்யூ', மறுப்பு. பக்கவாட்டில் விலகி ஓடுவது தெரோபாத், நழுவல். அந்தச் சொல்லுக்கும் கவுனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதன் வேரில் இருப்பது திருடுவதைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லாம். திருடியெடுத்த உடை என்ற வழியில்தான் கவுனுக்கும் அந்தப் பெயர் வந்ததாம். குதிரைத் தோலின் நிறத்தையும் ரோப் என்றே சொல்கிறார்கள். அன்றைக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எனக்கு எதற்கு? குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழி பறித்தது குதிரையில்லை, நான்.

அடுத்த வாரம் அரை மணி நேரம் முன்னதாகவே போய், கழி தூக்க ஆள் வேண்டுமா என்று கேட்டேன். எப்போதும் வேண்டுமாம். மூன்று மீட்டர் மரக்கழி, மழையில் ஊறியது; பார்வைக்கு லேசு, தோளில் வைத்தால் தெரியும். அகராதி கொடுக்காததை அந்தக் கழிகள் கொடுத்தன. இரண்டு கழிகளைப் பெருக்கல் குறிபோல் குறுக்காக வைத்தால் குருவாசியோன். நடுவில்தான் தாழ்வு என்பதால், பிள்ளையும் போனியும் தாமாகவே நடுவுக்கு வருவார்கள். அதனால்தான் முதலில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கழிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடையாக ஏற்றினால் 'துருவா'. எனக்குத் தெரிந்த அந்தச் சொல்லுக்கு 'நேர்' என்று பொருள். 'வலது' என்பதும் கிட்டத்தட்ட அதே ஒலி. பயிற்சியாளர் துருவா என்று கத்தும்போதெல்லாம் இந்தப் பிள்ளை ஏன் வலப்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது என்று வேலிக்கு வெளியே நின்று பல வாரம் தவித்திருக்கிறேன்.

துருவாவுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு இன்னொரு கழி வைத்தால் 'ஒக்சேர்'. இப்போது உயரத்தோடு அகலமும் தாண்ட வேண்டும். பின்பக்கம் ஒரே ஒரு கழிதான் வைப்பார்கள், கால் பட்டால் உடனே விழுந்துவிட வேண்டும் என்பதற்காக. இது ஆங்கிலேயர்களின் வேட்டைக் களத்திலிருந்து வந்த சொல். மாடுகள் நெருங்காமலிருக்கப் புதர்வேலியோடு ஒரு கழியும் சேர்த்துக் கட்டுவார்களாம், ஆக்ஸ் என்கிற எருதின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. தொலைபேசியில் இதைச் சொன்னபோது அப்பா அசரவே இல்லை. "பண்ருட்டியில் உன் பெரியப்பா முந்திரிக்கொல்லைக்கு முள்வேலியும் போட்டு முன்னால் மூங்கிலும் கட்டியிருந்தாரே, அதுதானே?" என்றார். அதேதான்.

புள்ளிக் கணக்கு மட்டும் மனத்துக்குள் இறங்க நாளானது. உள்ளூரில் ஒரு சின்னப் போட்டி. மகளுக்கு நான்கு புள்ளி என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததும் கைதட்டிவிட்டேன். கழி ஒன்று விழுந்தால் நான்கு, முதல் மறுப்புக்கு நான்கு, நழுவலும் மறுப்பில்தான் சேரும், எல்லாமே அபராதம். பூஜ்யம் வாங்கியவர்தான் கெட்டிக்காரர். நூற்றுக்கு நூறு வாங்கு என்று அடித்து வளர்க்கப்பட்ட சாதி நாம், ஒரு பூஜ்யத்துக்காக வேண்டிக்கொள்வது எளிதாகவா வரும்?

ஜூன் மாதக் கடைசி வகுப்பில் பயிற்சியாளர் மறுபடியும் என்னிடம் வந்தார். இன்று ஒரு தெரோபாத் என்றார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. இடப்பக்கம், வெளிவாசல் அங்கேதானே இருக்கிறது, வகுப்பு முடியப்போகிறது என்று போனிக்குத் தெரியும் என்று ஆரம்பித்து, மகள் எந்தக் கையைத் தளர்த்திவிட்டாள், எந்தக் கால் அணைக்கவில்லை என்று பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினார். பாதிதான் புரிந்தது. புரியாத பாதிக்கு நான் தலையாட்டவில்லை; திருப்பிக் கேட்டேன்.

இன்று மாலை வெயில் தணிந்ததும் அப்பா மாடிக்கு வந்தார். சங்கிலி பிடித்து நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். கழிகளைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, "இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு விட வேண்டும் கண்ணு?" என்றார்.

"ஒரு பாய்ச்சல், தாத்தா. குதிரையின் ஒரு பாய்ச்சலுக்கு நீங்கள் நீட்டி நான்கு எட்டு வைக்க வேண்டும். தாண்டி இறங்க இரண்டு, அடுத்ததற்கு எழும்ப இரண்டு."

அப்பா விரலை மடக்கினார். "ஆக, எட்டு எட்டு." தாமே சொல்லித் தாமே சிரித்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அளந்தார். எங்கள் மாடி மொத்தமே பதினோரு எட்டு. எட்டு எட்டை அதற்குள் அடக்கினால் ஓடிவர இடமில்லை. "போனிக்கு இவ்வளவு வேண்டாம், எனக்கு இன்னும் குறைவு" என்று மகள் தொட்டியை நகர்த்தினாள். அப்பா அடிக்கோல் இல்லாமலே கண்ணால் சரிபார்த்து, இன்னும் நான்கு விரற்கடை தள்ளச் சொன்னார்.

அம்மா மிளகாய்த் தட்டோடு மறுபடியும் வந்தாள். இந்த முறை இறங்கிப் போவதாக இல்லை. நேராகக் கழிவரை வந்து, நின்று, புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்து யோசித்து, பிறகு தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"ரெஃப்யூ! தெரோபாத்!" என்று மகள் துள்ளினாள். "ஆயாவுக்கு எட்டுப் புள்ளி!"

"என்னடி திட்டுகிறாள் இவள்?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"முதலில் மறுத்தாயாம், பிறகு நழுவிவிட்டாயாம்" என்றேன்.

அப்பா தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம் தாத்தா. படிக்கட்டு இருக்கிற பக்கம்."