பாட்டில் எண் 14: சீட்டில் இருந்தது ஹவாய் மீன்

ஒன்பது மாதமாக அலமாரியில் நின்ற 14ஆம் பாட்டிலுக்குள் இருந்த சீட்டை நேற்று இரவு இடுக்கியால் எடுத்துக் கிழித்துப் போட்டேன். 'டீனோகீட்டஸ் ஸ்ட்ரிகோசஸ், கீழக்கரை, கூடு' என்று என் கையால் எழுதியது: ஒரு சர்ஜன் மீனின் அறிவியல் பெயர் (பேரினம், பிறகு இனம்), ஊர், அது விழுந்த மீன்பொறி. கீழக்கரை சரி. கூட்டில் விழுந்ததும் சரி. டீனோகீட்டஸும் சரி என்று இப்போது அடித்துச் சொல்வேன். அந்த ஸ்ட்ரிகோசஸ்தான் மானத்தை வாங்கிவிட்டது.

பேரினம் வரைக்கும் ஜெயித்தேன், இனத்தில் தோற்றேன். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

நான் சர்ஜன் மீன் சேர்ப்பது கரைக்கு வந்து இறந்து கிடப்பவற்றில் இருந்து மட்டும்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் கை வைப்பதில்லை. விடிகாலை பஸ் பிடித்துக் கீழக்கரை போனால் மீனுக்குக் கூடு போடுகிற காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் இருக்கிறார். களவாயும் விளமீனும் ஏலத்துக்குப் போன பிறகு கூட்டில் மிச்சம் கிடக்கும் கழிசலை எனக்காக ஒதுக்கி வைப்பார். இந்த மீனை நீட்டியபோது, "இது என்ன காக்கா?" என்றேன். "ஓரா வகையறாதான் தம்பி. முள்ளு வேற மாதிரி இருக்கும், பாத்துப் பிடி" என்றார்.

அப்போது சிரித்தேன். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிட்டது. உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் 1766இல் டியூத்திஸ் என்று ஒரு பேரினம் வைத்து அதில் இரண்டு மீன்களைப் போட்டார். ஒன்று ஹெபாட்டஸ், இன்றைக்கு மீன்தொட்டிக்காரர்கள் காசு கொட்டி வாங்கும் நீல சர்ஜன். இன்னொன்று ஜாவஸ், நம் கரையில் குழம்புக்குப் போகிற ஓரா. அதாவது காக்காவும் லின்னேயஸும் ஒரே கட்சி. பிற்பாடுதான் பிரித்தார்கள். ஓராவுக்குக் குதத்துடுப்பில் 7 முள், குத்தினால் கடுக்கும். சர்ஜனுக்கு அங்கே 3 முள்தான் (நாசோ என்ற சர்ஜன் பேரினத்துக்கு 2). அதன் ஆயுதம் வாலடியில் மடங்கிக் கிடக்கும் கத்தி.

முதலில் நான் இதை அகாந்தூரஸ் என்ற இன்னொரு சர்ஜன் பேரினம் என்றுதான் நினைத்தேன். அழுக்குப் பழுப்பு, ஒரு சாண் கூட இல்லாத உடம்பு. வாலடியில் கத்தி ஒன்றுதான், அதுவும் பள்ளத்துக்குள் மடங்குகிறது. ஆகவே கத்தி மடங்காத நாசோவும் ப்ரியோனூரஸும் கிடையாது. மஞ்சள்துடுப்பு அகாந்தூரஸின் குட்டி என்று குறித்து வைக்கப் போனவன், ஏதோ தோன்றி வாயைத் திறந்து பார்த்தேன். பல் இருக்க வேண்டிய இடத்தில் பல் இல்லை. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் மயிர் மாதிரி மெல்லிசாக, நுனி உள்ளே வளைந்து, வரிசையாக ஏதோ. என் மகளுடைய ஓவியத் தூரிகையில் மிகச் சின்னதை எடுத்து இடமிருந்து வலம் தடவினேன். ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. விட்டதும் நிமிர்ந்தது. அகாந்தூரஸ் பல் இப்படி அசையாது. அது ஈறில் ஊன்றிய அகலப் பல், விளிம்பில் ரம்பம் வைத்திருக்கும்.

சீப்பு, மயிர் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துத்தான் கில் என்பவர் 1884இல் டீனோகீட்டஸ் என்று பெயர் வைத்தார். பாறை மேல் படியும் நுண்பாசியையும் வண்டலையும் கூட்டிப் பெருக்கித் தின்கிற மீனுக்கு வேறு எப்படிப் பல் இருக்கும்? முதுகு முள்ளும் ஒத்துப்போனது. டீனோகீட்டஸுக்கு 8, அகாந்தூரஸில் பெரும்பாலும் 9. முதல் முள் தோலுக்குள் குட்டியாகப் பதுங்கியிருக்கும், நகத்தால் நெருடினால்தான் தெரியும். நான் 7 என்று எண்ணி இரண்டு நாள் குழம்பியதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சரி, பேரினம் முடிந்தது. அன்றைக்கே ஒரு பழைய பட்டியலைப் பார்த்து, இந்தியப் பெருங்கடல் பக்கம் சின்ன உடம்பு என்றால் ஸ்ட்ரிகோசஸ் என்று எழுதி மூடிவிட்டேன். வம்பே அங்குதான் தொடங்கியது.

அப்புறம்தான் ராண்டல், கிளெமென்ட்ஸ் என்ற மீன் ஆய்வாளர்கள் இந்தப் பேரினத்தில் எந்த மீனுக்கு எந்தப் பெயர் என்று 2001இல் செய்த மறுசீரமைப்பு கண்ணில் பட்டது. ராண்டல் இந்தப் பேரினத்தை 1955இலேயே ஒருமுறை அலசியவர். அப்போது அவர் பெயர் வைத்தவற்றில் பைனோட்டேட்டஸ், ஹவாயென்சிஸ், டோமினியென்சிஸ் மூன்றும் இன்றுவரை நிற்கின்றன. 46 வருடம் கழித்துத் தன் வேலையைத் தானே பிரித்துக் கோர்த்திருக்கிறார். நம்மால் 9 மாதத்துக்கு முந்தைய சீட்டையே கிழிக்க மனசு வரவில்லை. ஸ்ட்ரிகோசஸ் என்று எங்கெல்லாம் எழுதி வைத்திருந்தார்களோ, அது ஒரே மீன் இல்லை, ஒரு கூட்டம் என்று அவர்கள் காட்டினார்கள். பென்னட் 1828இல் அந்தப் பெயரை வைத்தது ஹவாயில் பிடித்த மீனுக்கு. பெயர் முதல் மாதிரியோடு போகும் என்பதுதான் விதி. எனவே ஸ்ட்ரிகோசஸ் ஹவாய்க்கும் பக்கத்தில் இருக்கும் ஜான்ஸ்டன் பவளத்தீவுக்கும் போய்விட்டது. பசிபிக்கின் மற்ற பக்கத்தில் சயனோகைலஸும் ஃப்ளாவிகாடாவும். இந்தியப் பெருங்கடலுக்குப் புதுப் பெயர் ட்ரங்கேட்டஸ். மொத்தம் 9 இனம்.

ஆக, மன்னார் வளைகுடாக் கூட்டில் விழுந்த மீனுக்கு நான் ஹவாய் முகவரி எழுதி ஒட்டியிருந்திருக்கிறேன்.

மிச்சம் முக்கியமாக இரண்டு பேர்: ட்ரங்கேட்டஸ், அல்லது செங்கடலில் இருந்து பசிபிக் வரை எங்கும் கிடைக்கிற ஸ்ட்ரையேட்டஸ். பிரிக்க மூன்று வழி. உடம்பில் வெளிர்ப் புள்ளியா, நீள வாக்கில் மெல்லிய கோடா? முதுகுத் துடுப்பில் மென்கதிர் (முள்ளுக்குப் பின்னால் வரும் வளையும் கதிர்) எத்தனை? வால் எப்படி?

நிறம் ஃபார்மலினில் போய்விட்டது. கரையில் எடுத்த செல்போன் படம் இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது. பெரிதாக்கினால் புள்ளியும் இல்லை கோடும் இல்லை, கட்டம் கட்டமாக உடைகிறது. அடுத்த முறை வெயில் வந்த பிறகுதான் படம். ஏலம் முடிந்து காக்கா டீ குடிக்கப் போனாலும் போகட்டும்.

இனி மென்கதிர். இதில்தான் என் மூன்று வாரம் போனது. ஸ்ட்ரையேட்டஸுக்கு 27 முதல் 31 வரை. மற்றக் கூட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். நான் முதல் நாள் எண்ணியது 27. மறுநாள் 28. அதற்கு மறுநாள் 26. மீன் மாறவில்லை, எண்ணுகிறவனும் மாறவில்லை. துடுப்பை விரித்து நிறுத்தாமல் எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

தெர்மாகோல் பலகையில் மீனைக் கிடத்தி, துடுப்பின் முன்முள்ளுக்குப் பின்னால் ஒரு குண்டூசி, கடைசியில் ஒன்று, நடுவில் இழுத்துப் பிடிக்க நாலைந்து. மென்தோலைக் குத்திவிடக் கூடாது, கதிரின் பக்கவாட்டில் அணைத்து நிறுத்த வேண்டும். பிறகு துடுப்படியில் தூரிகையால் ஃபார்மலின். பத்து நிமிடத்தில் விறைத்து நிற்கும். மீனைப் படம் எடுக்க இப்படி ஊசி குத்தி விரிக்கும் முறையை 1961இல் எழுதி வைத்ததும் அதே ராண்டல்தான். 2020 வரை வாழ்ந்தார், 96ஆம் வயதை எட்டச் சில வாரம்தான் பாக்கி. இந்த மீனுக்காக எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே அவர் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஏற்கனவே பாட்டிலில் ஊறிய மீனுக்கு இது பலிக்காது, தெரிந்துகொள்ளுங்கள். விறைத்த துடுப்பு ஊசிக்கு மசியாது. நான் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, ஈரத்துணி சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். இரண்டு கதிருக்கு நடுவே தோல் கிழிந்தது. நல்ல வேளை, கதிர் உடையவில்லை.

பின்னால் செல்போன் டார்ச். முன்னால் கண்ணாடி ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸ். ஐந்து கதிருக்கு ஒரு குண்டூசி, சிவப்புத் தலை. இப்படி எண்ணினால் நடுவில் போன் வந்தாலும் கணக்கு தப்பாது. நாலு தடவை எண்ணினேன், நாலு தடவையும் 27. ஸ்ட்ரையேட்டஸின் கீழ் வரம்பில் சரியாகப் போய் நிற்கிறது! பாட்டிலை மூடி, பென்சிலையும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் கடைசிக் கதிரைத் திரும்பப் பார்த்தேன். கடைசி இரண்டும் அடியில் ஒட்டியிருந்தன. ஒரே கதிர் அடி வரைக்கும் பிளந்து இரண்டாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பிளந்த கடைசிக் கதிரை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மூன்று வாரம் தவற விட்டிருக்கிறேன். கணக்கு 26.

அப்படியானால் ஸ்ட்ரையேட்டஸ் இல்லை, ட்ரங்கேட்டஸ் பக்கம் சாய்கிறது. வாலைப் பார்த்துவிட்டால் முடிந்தது. ஸ்ட்ரையேட்டஸின் வால் பிறை மாதிரி உள்ளே வாங்கியிருக்கும். ட்ரங்கேட்டஸ் என்றாலே வெட்டியது என்று அர்த்தம், வால் நுனி ஏறக்குறைய நேராக வெட்டினாற்போல இருப்பதால் வந்த பெயர்.

என் மீனின் வாலும் வெட்டினாற்போலத்தான் இருக்கிறது. வெட்டியவன் நான். பாலிதீன் பையில் வால் மடங்கியபடி ஃப்ரீசரில் வைத்து, உறைந்த பிறகு பொறுமையில்லாமல் நிமிர்த்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. மேல் முனையும் கீழ் முனையும் போய்விட்டன. அன்றைக்கு 'வால் சேதம், பரவாயில்லை' என்று நோட்டில் குறித்திருக்கிறேன். அந்தப் பரவாயில்லையை இன்று படித்தபோது நோட்டை மூடிவிட்டேன்.

ஃபார்மலின் பற்றி ஒரு வார்த்தை. போன தடவை வாங்கிய கடையில் கொடுத்தது ஏற்கனவே தண்ணீர் கலந்தது என்று இப்போது சந்தேகமில்லை. நான் மேலும் பத்து மடங்கு கரைத்ததில் 11ஆம் பாட்டில் மீனுக்கு வயிறு உப்பிவிட்டது. மூடி சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சீட்டுக்கு டிரேசிங் தாள், பென்சில். பேனா மை கரைந்து மீனுக்கு நீலச் சாயம் ஏறிய கதை 3ஆம் பாட்டிலில் இருக்கிறது.

6ஆம் பாட்டிலிலும் சீட்டு மாற்ற வேண்டும். அதில் அகாந்தூரஸ் ப்ளீக்கெரி என்று இருக்கிறது, குந்தர் 1861இல் வைத்த பெயர். அதே மீனுக்கு மாட்டா என்று 1829இலேயே க்யூவியே பெயர் வைத்துவிட்டார், மூத்த பெயர்தான் செல்லும். இதில் எனக்கு வருத்தமில்லை. மாட்டா எழுதுவதற்குச் சுலபம்.

இதை எல்லாம் முடித்துப் பெருமூச்சு விடலாம் என்றால் மரபணுக்காரர்கள் விடவில்லை. அவர்கள் வரைந்த குடும்ப மரத்தில் டீனோகீட்டஸ் தனிக் கிளையாக நிற்கவில்லை, அகாந்தூரஸ் கிளைகளுக்கு நடுவே முளைத்திருக்கிறது. அப்படியானால் அதையும் அகாந்தூரஸுக்குள் சேர்த்துவிடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சேர்த்தால் அடைப்புக்குறிகள் எல்லாம் இடம் மாறும். ஒரு மீன் முதலில் வைத்த பேரினத்தை விட்டு வேறு பேரினத்துக்குப் போனால், பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இப்போது பென்னட் அடைப்புக்குறிக்குள் இருக்கிறார், ஏனென்றால் அவர் ஸ்ட்ரிகோசஸை அகாந்தூரஸ் என்றுதான் வைத்தார். ராண்டலும் கிளெமென்ட்ஸும் வெளியே நிற்கிறார்கள். சேர்ப்பு நடந்தால் பென்னட் வெளியே வருவார், அவர்கள் இருவரும் உள்ளே போவார்கள். என் கருத்தைக் கேட்டால், தூரிகைக்குச் சாயும் பல்லைக் கண்ணால் பார்த்தவன் அதற்குத் தனிப் பெயர் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். ஆனால் என்னை யாரும் கேட்கப் போவதில்லை.

அடுத்து எலும்பு. இந்தக் குடும்பத்துக்கே முதுகெலும்பு 22 கணு. கொல்லையில் மணலில் புதைத்து எறும்புக்கு விட்ட மாட்டா ஒன்று பாதி தயார். தெருப் பூனைக்கு இடம் தெரிந்துவிட்டதால் மேலே இரும்புச் சட்டி கவிழ்த்திருக்கிறேன். அப்புறம் கண்ணாடி மாதிரி உடம்புள்ள குஞ்சு கிடைத்தால் விட மாட்டேன். அந்தக் குஞ்சையே ஒரு காலத்தில் வேறு மீன் என்று நினைத்து அக்ரோனூரஸ் என்று தனிப் பேரினம் வைத்தார்கள். என் சீட்டைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அதையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

14ஆம் பாட்டிலுக்குப் புதுச் சீட்டு போட்டாயிற்று: 'டீனோகீட்டஸ், இனம் முடிவாகவில்லை, முதுகுத் துடுப்பு 8 முள் + 26 மென்கதிர், வால் இல்லை.' காக்காவுக்கு இன்று காலை போன் செய்தேன். அதே மாதிரி இன்னொன்று விழுந்தால் ஐஸ் பெட்டியில் வாலை மடக்காமல், தட்டையாக, தனியாகக் கிடத்தி வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏன் தம்பி, ஓராவுக்குப் பாய் போட்டுப் படுக்க வைக்கணுமா?"

ஆமாம் காக்கா என்றேன்.