கூரையில் ஒரு கீறல்

ஒரு படம் கண்ணில் பட்டது. பிலடெல்பியாவின் பழைய ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை. வளைந்த கூரையில் ஒரே ஒரு கண்ணாடித் திறப்பு, தரையில் கத்தி மாதிரி வெயில்.

அந்தத் திறப்புக்குப் பெயர் 'கடவுளின் கண்'.

கட்டடக் கலைஞர் ஜான் ஹேவிலண்ட். 1829-இல் திறந்தார்கள். நடுவில் ஒரு மையம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஏழு அறைத் தொகுதிகள். மையத்தில் நின்றால் எல்லா நடைபாதையும் தெரியும்.

ஆளுக்கொரு அறை, பின்னால் தனி முற்றம். முதல் தொகுதிகளில் நடைபாதைப் பக்கம் கதவே கிடையாது, சாப்பாட்டுக்குச் சின்னத் துவாரம்தான். வெளியே கூட்டிப் போனால் தலையில் முகமூடி. யாரும் யாரையும் பார்க்கக்கூடாது.

ஒவ்வொரு அறையிலும் கழிப்பறை. அப்போது வெள்ளை மாளிகையிலேயே குழாய்த் தண்ணீர் வரவில்லை! ஆனால் அந்தக் குழாய்கள்தான் தனிமைத் திட்டத்தைக் கவிழ்த்தன. கைதிகள் அவற்றைத் தட்டியே பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் பெருகியது. நான்காவது தொகுதியிலிருந்து இரண்டு மாடி. மாடி அறைக்கு முற்றம் ஏது? பிறகு ஆரக்கால்களுக்கு இடையில் புதுத் தொகுதிகளைச் செருகினார்கள். மையத்திலிருந்து நேர்ப்பார்வை போயிற்று, முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்துச் சமாளித்தார்கள்.

1913-இல் தனிமை முறையைக் கைவிட்டார்கள்.