கான்ஃபிக் ஃபைல் திருத்த நானோ போதும்

லினக்ஸ் சர்வர் பக்கம் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த எடிட்டரைக் கற்றுக்கொள்வது என்பதைத்தான். விம் தெரிந்தால்தான் மதிப்பு என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: நானோவைத் திறந்து வேலையைப் பாருங்கள். செட்டிங்குகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கும் இடிசி டைரக்டரியில், ஒரு ஃபைலில் இரண்டு வரி மாற்ற அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கவனம் முழுவதும் ஃபைலில் இருக்க வேண்டும். அதை எடிட்டர் பங்குபோட்டுக்கொள்ளக் கூடாது.

நானோவில் எனக்குப் பிடித்தது அதன் கடைசி இரண்டு வரிகள். என்ன செய்ய எதை அழுத்த வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கும். ^ என்றால் கன்ட்ரோல் கீ. கன்ட்ரோல்+ஓ சேவ் செய்யும், கன்ட்ரோல்+எக்ஸ் வெளியேறும், கன்ட்ரோல்+டபிள்யூ தேடும். ஒரு வரியை வெட்ட கன்ட்ரோல்+கே, ஒட்ட கன்ட்ரோல்+யு. தவறி ஏதாவது அழித்துவிட்டால் ஆல்ட்+யு. இந்த வெட்டு, ஒட்டு இரண்டையும் வைத்து நான் தினமும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மாற்ற வேண்டிய வரியில் கர்சரை வைத்து கே ஒரு முறை, யு இரண்டு முறை. ஒரே வரி இரண்டாக வந்துவிடும். மேலே உள்ளதன் முன்னால் ஒரு ஹேஷ் (#) போட்டு, புரோகிராம் படிக்காத கமென்ட் ஆக்கிவிட்டு, கீழே உள்ளதைத் திருத்துவேன். பழைய மதிப்பு என்ன என்று பிறகு யாரும் தேட வேண்டியதில்லை, கண்ணெதிரே இருக்கும்.

நானோவின் பூர்வீகம் ஒரு மெயில் புரோகிராம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான பைன் என்ற மெயில் புரோகிராமோடு பைகோ என்ற சின்ன எடிட்டர் வந்தது. அதைப் போலவே, ஆனால் முழுச் சுதந்திர மென்பொருளாக ஒன்று வேண்டும் என்று கிறிஸ் அலெக்ரெட்டா 1999-ல் எழுதத் தொடங்கியதுதான் இது. முதலில் டிப் என்று பெயர். அந்தப் பெயரில் யூனிக்ஸில் ஏற்கெனவே ஒரு புரோகிராம் இருந்ததால் 2000 ஜனவரியில் நானோ ஆனது. மெயில் எழுதும் வம்சத்தில் வந்ததால், நீளமான வரியைத் தானே உடைத்து அடுத்த வரியில் போடும் குணமும் கூடவே வந்துவிட்டது. கடிதத்துக்கு அது நல்லது. ஆனால் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி இரண்டாக உடைந்தால் இரண்டுமே அர்த்தமற்ற வரிகள். அதனால்தான் பழைய வழிகாட்டிகளில் எல்லாம் நானோவுக்குப் பக்கத்தில் ஹைஃபன் டபிள்யூ போடச் சொல்லியிருப்பார்கள். 2019-ல் வந்த 4.0 வெர்ஷனில் இருந்து வரியை உடைக்காமல் விடுவதே வழக்கமானது. பழைய மெஷினில் உட்கார்ந்தால் நான் இன்றும் அந்த டபிள்யூவைச் சேர்த்துத்தான் திறக்கிறேன்.

விம்மின் மூதாதையான விஐ பற்றியும் இரண்டு வார்த்தை. பில் ஜாய் 1976-ல் எழுதியது, இன்றும் கிட்டத்தட்ட எந்த மெஷினிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். நானோ இல்லாத ரெஸ்க்யூ திரையில் மாட்டிக்கொண்டால் அதுதான் கைகொடுக்கும். ஐ அழுத்தினால் எழுதலாம், எஸ்கேப் அழுத்தினால் எழுத்து நிற்கும், கோலன் டபிள்யூ க்யூ என்றால் சேவ் செய்து வெளியேறும், கோலன் க்யூ ஆச்சரியக்குறி என்றால் எதையும் தொடாமல் வெளியேறும். இவ்வளவு தெரிந்தால் ஆபத்துக்கு உதவும்.

இடிசி ஃபைல்களைத் திருத்த ரூட், அதாவது நிர்வாகி அதிகாரம் வேண்டும். அதைத் தரும் சூடோ கமாண்டைச் சேர்த்து, சூடோ நானோ என்று அடித்துத் திறப்பதுதான் பலருக்கும் பழக்கம். எனக்கு சூடோஎடிட் பிடிக்கும். அது ஃபைலை ஒரு தற்காலிக நகலாக எடுத்து, நம்முடைய சொந்த யூசராகவே எடிட்டரைத் திறக்கும். சேவ் செய்து வெளியே வந்த பிறகுதான் மூல ஃபைலில் எழுதும். எடிட்டர் ரூட் அதிகாரத்தோடு ஓடுவதில்லை, நாம் வைத்திருக்கும் நானோ செட்டிங்குகளும் அப்படியே கிடைக்கும். எடிட்டர் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் நானோ என்று வைத்துவிட்டால் போதும், சூடோஎடிட் அதையே எடுத்துக்கொள்ளும்.

தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர், பொறுப்பாக என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் சைட்ஸ்-எனேபிள்டு டைரக்டரியிலேயே டிஃபால்ட் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் பேக் என்று சேர்த்து வைத்தார். திருத்தியது சரியாகத்தான் இருந்தது. ஆனால் டெஸ்ட் கமாண்ட், டிஃபால்ட் சர்வர் இரண்டு முறை வந்திருக்கிறது என்று மறுத்துவிட்டது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் இரண்டிலும் அந்த டைரக்டரியில் எந்தப் பெயரில் ஃபைல் இருந்தாலும் என்ஜின்எக்ஸ் படித்துவிடும், நகலும் அதற்கு ஒரு கான்ஃபிக்தான். யாருக்கு சூடோ அனுமதி என்று சொல்லும் ஃபைல்கள் இருக்கும் சூடோயர்ஸ்.டி டைரக்டரியில் நேர் மாறு: பெயரில் புள்ளி இருந்தாலோ, கடைசியில் ~ இருந்தாலோ அந்த ஃபைலை சூடோ கண்டுகொள்ளாது. அங்கே உண்மையான ஃபைலுக்கே புள்ளி வைத்துப் பெயரிட்டுவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுகிறவர்களும் உண்டு. ஆகவே நகல்களை ரூட்டின் ஹோம் டைரக்டரியில் வையுங்கள், அந்த வம்பே வேண்டாம். நகல் எடுக்கும் சிபி கமாண்டோடு ஹைஃபன் ஏ சேர்த்தால் பெர்மிஷன், உரிமையாளர், தேதி எல்லாம் அப்படியே வரும். திருத்தி முடித்ததும் பழையதையும் புதியதையும், வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் கமாண்ட் போட்டுப் பார்ப்பேன். இரண்டு வரி மாற்ற நினைத்து டிஃப் மூன்று வரி காட்டினால், மூன்றாவது எப்படி வந்தது என்று தெரியும் வரை சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யமாட்டேன்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் இன்னொரு தொல்லை. வலைப்பக்கத்தில் இருந்து ஒரு வரியைக் காப்பி செய்து ஒட்டினால், நேர் மேற்கோள்குறிக்குப் பதில் வளைந்த மேற்கோள்குறி வந்து உட்காரும். சாதாரண ஸ்பேஸ் போலவே தோன்றும் வேறொரு ஸ்பேஸும் வரும். விண்டோஸில் எழுதிய ஃபைலில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும். யாமெல் வடிவ கான்ஃபிக் ஃபைலில் டேப் வைத்து உள்தள்ளினால் ஏற்காது, புரோகிராம்களை பில்டு செய்ய எழுதும் மேக்ஃபைலிலோ டேப் இல்லாவிட்டால் ஏற்காது. திரையில் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். ஃபைலைத் திரையில் காட்டும் கேட் கமாண்டோடு ஹைஃபன் பெரிய ஏ போட்டுப் பாருங்கள். வரி முடியும் இடத்தில் $ தெரியும், டேப் இருக்கும் இடத்தில் ^ஐ, விண்டோஸ் மிச்சம் இருந்தால் $-க்கு முன்னால் ^எம். வளைந்த மேற்கோள்குறியும் அந்த விசித்திர ஸ்பேஸும் எம்-ஹைஃபன் என்று தொடங்கும் கோர்வையாக வரும். நாம் தமிழில் கமென்ட் எழுதியிருந்தால் அதுவும் அப்படித்தான் தெரியும், பயப்பட வேண்டாம். கமென்ட் இல்லாத வரியில் தெரிந்தால்தான் கவலை.

அடுத்து, எழுதியது சரியாக இருந்தும் எதுவும் மாறாத நிலை. தொலைவில் இருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் கடைசிக்குப் போய் பாஸ்வேர்ட் லாகின் வேண்டாம் என்று எழுதி ரீஸ்டார்ட் செய்வார்கள், பாஸ்வேர்ட் இன்னும் கேட்கும். அந்த ஃபைலில் பெரும்பாலான விஷயங்களுக்கு முதலில் வரும் மதிப்புதான் செல்லும். இப்போதைய டெபியன், உபுண்டுவில் ஃபைலின் தலையிலேயே, வேறு ஃபைல்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் ஒரு இன்க்ளூட் வரி இருக்கிறது. பல கிளவுட் இமேஜ்களில் அது சுட்டும் டைரக்டரியில், முதல் பூட்டில் மெஷினை அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் ஏற்கெனவே ஒரு ஃபைலைப் போட்டு, பாஸ்வேர்ட் உண்டு என்று சொல்லியிருக்கும். நாம் கீழே எழுதியது தாமதமாக வந்த பதில். சூடோயர்ஸிலோ கடைசியாகப் பொருந்தும் வரிதான் செல்லும். ஒவ்வொரு ஃபைலுக்கும் இந்த வரிசை விதி என்ன என்று மேன் பக்கத்தில், அதாவது அதன் மேனுவலில் பார்த்துக்கொள்வது நல்லது. எஸ்எஸ்எச் சர்வர் புரோகிராமான எஸ்எஸ்எச்டியோடு ஹைஃபன் பெரிய டி போட்டால், எல்லா ஃபைலையும் படித்த பிறகு கடைசியில் எது அமலில் இருக்கும் என்று வரிவரியாகச் சொல்லிவிடும். சின்ன டி போட்டால் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இருக்கும் கனெக்ஷனை மூடாமல், வேறொரு டெர்மினலில் புதிதாக உள்ளே நுழைய முடிகிறதா என்றும் பாருங்கள். எஸ்எஸ்எச்டி ரீஸ்டார்ட் ஆனாலும் ஏற்கெனவே திறந்த கனெக்ஷன் அறுவதில்லை. வெளியே பூட்டிக்கொண்டால் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

சூடோயர்ஸை நேராக எடிட்டரில் திறக்கவே கூடாது, அதற்கென்றே இருக்கும் விசூடோ கமாண்ட் மட்டும்தான். அது, இன்னொருவர் அதே நேரம் திருத்தாதபடி ஃபைலைப் பூட்டும். சேவ் செய்யும்போது பிழை இருந்தால் எந்த வரி என்று காட்டி, இப்போது என்ன செய்ய என்று கேட்கும். இ அழுத்தி மறுபடி திருத்தலாம், எக்ஸ் அழுத்தி மாற்றாமலே விட்டுவிடலாம். பெரிய க்யூ என்றும் ஒரு வழி உண்டு, பிழையோடு சேவ் செய்ய. அதைத் தொடாதீர்கள்.

எனக்கு இன்றும் கை நின்று நிதானிக்கும் ஃபைல், பூட்டில் எந்த டிஸ்க்கை எங்கே இணைக்க (மவுன்ட் செய்ய) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப். ஒரு வரிக்கு ஆறு பகுதி: எந்த டிஸ்க், எங்கே மவுன்ட் ஆக வேண்டும், ஃபைல்சிஸ்டம் வகை, ஆப்ஷன்கள், கடைசியில் இரண்டு எண்கள். டிஸ்க் பெயரை எஸ்டிபி1 என்று எழுதுவதை விட யுயுஐடி என்ற தனி அடையாளத்தைக் கொடுப்பது நல்லது. டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கும் வரிசை மாறினால் அந்தப் பெயர் வேறொன்றுக்குப் போய்விடும். ஆப்ஷன்களில், டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் நோஃபெயில் இல்லாமல் ஒரு கூடுதல் டிஸ்க்கைச் சேர்த்து, பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டால், அடுத்த பூட்டில், சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு, பழுதுபார்க்க மட்டும் உள்ள எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். டேட்டா வைக்கும் டிஸ்க் எதற்கும் நான் நோஃபெயில் போடாமல் விடுவதில்லை. சேவ் செய்ததும் எஃப்எஸ்டேபைச் சோதிக்க ஃபைன்ட்எம்என்டியை வெரிஃபை ஆப்ஷனோடு ஓட்டுவேன், அப்புறம் அதில் உள்ளவற்றை மவுன்ட் செய்ய மவுன்ட் ஹைஃபன் ஏ. இரண்டும் முணுமுணுக்காமல் முடிந்தால்தான் ரீபூட். ஒருவேளை எமர்ஜென்சி மோடில் நின்றுவிட்டால், அங்கே ரூட் ஃபைல்சிஸ்டம் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கலாம். நானோ திறக்கும், ஆனால் சேவ் ஆகாது. ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ ஆப்ஷனோடு ரூட்டை மறுபடி மவுன்ட் செய்துவிட்டு அந்த வரியின் முன்னால் ஹேஷ் போடுங்கள், மெஷின் எழுந்துவிடும்.

மாற்றிய வரிக்கு மேலே, ஏன் மாற்றினேன் என்று தேதியோடு ஒரு கமென்ட் எழுதுவேன். அதற்கென்று தனி வரி எடுத்துக்கொள்ளுங்கள், மதிப்புக்குப் பக்கத்திலேயே எழுதாதீர்கள். சர்வீஸ்களை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் சிஸ்டம்டி யூனிட் ஃபைல்களில் வரியின் நடுவே வரும் ஹேஷ் கமென்ட் ஆகாது, மதிப்போடு சேர்த்தே படிக்கப்பட்டுவிடும்.