எனக்குக் குளிர்கிறது: ஜெர்மன் பழகிய கதை

ஜெர்மனிக்கு வந்த பதினோராவது மாதம். ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் குப்பைப் பையோடு வீட்டை விட்டு வெளியே வந்தேன், பின்னால் கதவு டக்கென்று சாத்திக்கொண்டது. இங்கே பல வீட்டுக் கதவுகளில் வெளிப்பக்கம் திருகும் பிடி இருக்காது, வெறும் குமிழ்தான். சாத்திவிட்டால் சாவி இல்லாமல் திறக்காது. சாவி உள்ளே. போனும் உள்ளே. காலில் வீட்டுச் செருப்பு.

எதிர்வீட்டு அம்மா எழுபது வயதைத் தாண்டியவர். அவர் கதவைத் தட்டி, கையாலும் காலாலும் பேசி விஷயத்தைப் புரியவைத்தேன். அவரே பூட்டுத் திறக்கும் ஆளுக்குப் போன் போட்டார். மறுமுனையில் ஏதோ கேட்க, என் பக்கம் திரும்பி அதையே கேட்டார்: "ட்சூகெட்ஸோகன்? ஓடர் அப்கெஷ்லோஸன்?" நான் விழித்தேன். அவர் தன் கதவைப் பிடித்து வெறுமனே இழுத்துக் காட்டினார். அப்புறம் சாவியைச் செருகித் திருகிக் காட்டினார். சாத்தினதா, பூட்டினதா? அவ்வளவுதான் கேள்வி. சாத்தின கதவென்றால் ஆள் வந்து சில நிமிடத்தில் திறந்துவிடுவார், பூட்டின கதவென்றால் பூட்டையே துளைக்க வேண்டி வரலாம். கூலியும் அதற்கேற்ப ஏறும்.

அந்த இரண்டு சொற்களும் அன்றைக்கு மண்டையில் ஏறியவை, இன்றுவரை இறங்கவில்லை. அதே நேரத்தில் என் போனில் இருந்த மொழிச் செயலி, நான் 200 நாளுக்கு மேல் விடாமல் படித்ததற்காகத் தினமும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தது. அந்த 200 நாளில் கற்றது எதுவும் அந்த மாடிப்படியில் உதவவில்லை.

ஆள் வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தோம். நடுக்கம் தாங்காமல் "இஷ் பின் கால்ட்" என்றேன். 'ஐ ஆம் கோல்ட்' என்பதை அப்படியே மாற்றியது. அந்த அம்மா சிரித்துவிட்டார். நான் சொன்னதை ஒரு ஜெர்மன் காது 'நான் மரத்துப்போன மனிதன்' என்கிற மாதிரி எடுத்துக்கொள்ளுமாம். "மிர் இஸ்ட் கால்ட்" என்று திருத்தினார். 'மிர்' என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிர்கிறது.

அட, இது நம்ம வாக்கியம் ஆயிற்றே! தமிழில் யார் 'நான் குளிராக இருக்கிறேன்' என்று சொல்கிறார்கள்? தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் தப்பே வந்திருக்காது. நான்தான் நடுவில் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போயிருக்கிறேன். எனக்குப் பிடிக்கிறது, எனக்கு அலுப்பாக இருக்கிறது, எனக்கு உதவு என்று நாம் 'கு' போடுகிற பல இடங்களில் ஜெர்மனும் அதே நான்காம் வேற்றுமைக்காரனைத்தான் நிறுத்துகிறது. பாடப்புத்தகம் 'டாட்டிவ்' என்று பெயர் வைத்து மிரட்டும். பயப்படாதீர்கள், பெரும்பாலும் அது நம் 'கு'தான். எப்போதும் அல்ல, ஆனால் தொடங்கப் போதும்.

அன்றிலிருந்து படிப்பு முறையையே மாற்றினேன். செயலியும் என் புத்தகங்களும் ஆங்கிலத்தில் விளக்குபவை. அவற்றைத் தூக்கி எறியவில்லை, ஆனால் ஒவ்வொரு விதியையும் படித்ததும் 'தமிழில் இதை எப்படிச் சொல்வோம்' என்று ஒருமுறை கேட்டுக்கொள்வேன். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தலையில் கை வைக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. 'வைல்', அதாவது 'ஏனென்றால்', என்று தொடங்கும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். 'வைல் இஷ் மோர்கன் ஆர்பைட்டன் முஸ்' என்பதில் 'வைல்' நீங்கலாக மீதியை எண்ணிப் பாருங்கள்: நான், நாளைக்கு, வேலைசெய்ய, வேண்டும். 'நான் நாளைக்கு வேலை செய்ய வேண்டியிருப்பதால்' என்பதன் அதே வரிசை! நாம் 'ஆல்' என்று கடைசியில் ஒட்டுவதை அவர்கள் முன்னால் 'வைல்' என்று வைக்கிறார்கள், வேறுபாடு அவ்வளவுதான். வினைச்சொல் வருகிறவரை பொறுமையாகக் காத்திருக்கும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. 'நேற்று அவன் என்னிடம் வாங்கிய புத்தகத்தை' என்று ஒருவர் நிறுத்தினால், கொடுத்தானா தொலைத்தானா என்று கேட்டுக்கொண்டே நிற்பவர்கள்தானே நாம்?

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. ஜெர்மனில் பொருள்களுக்கும் பால் உண்டு, சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸ்தான் அதன் அடையாளம். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லாதது. டெர் லோஃபல், டீ காபல், டாஸ் மெஸ்ஸர். இதற்குக் காரணம் தேடுவது வீண் வேலை. சொல்லை டெர், டீ, டாஸ் இல்லாமல் தனியாக எழுதவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் இதில் சூட்சுமம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

மனப்பாடத்துக்கு வருவோம். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். படித்த கொஞ்ச நேரத்திலேயே பெரும்பகுதி கொட்டிப்போகிறது, போகப்போக மறதி மெதுவாகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது. இதையே, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதிய அட்டைகளைப் போடும் பெட்டியாக மாற்றி 1972-இல் பரப்பியவர் செபாஸ்டியன் லைட்னர். பெட்டியில் சில அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் அறைக்குத் திரும்பும். பின் அறைகளை எப்போதாவது திறந்தால் போதும். இன்றைக்கு இந்த வேலையை 'அன்கி' என்ற மென்பொருள் செய்கிறது, எந்த அட்டை எந்த நாளில் வர வேண்டும் என்பதையும் அதுவே கணக்குப் பண்ணிவிடும்.

அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் நான் ஆரம்பத்தில் கோட்டை விட்டேன். 'சாவி' என்று ஒரு பக்கம், ஜெர்மன் சொல் மறுபக்கம். அடுக்கடுக்காகச் சேர்த்தேன், வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. இப்போது முன்பக்கத்தில் தமிழில் முழு வாக்கியம் எழுதுகிறேன்: 'சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன்.' அதைப் பார்த்து ஜெர்மனை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அட்டையைத் திருப்புவேன். திருப்பிப் பார்த்துவிட்டு 'ஆமாம், இது தெரியும்' என்று தலையாட்டுவது கணக்கில் சேராது. பார்த்தால் தெரிகிற சொல் வேறு, கேட்டவுடன் வாயில் வருகிற சொல் வேறு. வாக்கியங்களையும் எங்கிருந்தோ எடுப்பதில்லை. அன்றைக்கு எங்கே பேச முடியாமல் திணறினேனோ, அந்த இடத்தில் சொல்ல நினைத்ததை இரவு எழுதிக்கொள்வேன். ஒரு நாளைக்கு மூன்று, மிஞ்சினால் ஐந்து.

வாசிப்புக்குக் குழந்தைகள் புத்தகம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. கதைகளில் வருகிற இறந்தகால வடிவத்தைப் பேச்சில் அவ்வளவாக யாரும் பயன்படுத்துவதில்லை. தேவதையும் ஓநாயும் தெரிந்து நான் என்ன செய்ய? அதைவிட மாடிப்படியில் ஒட்டும் அறிவிப்புகள் நல்ல பாடம். 'செவ்வாய்க்கிழமை 9 முதல் 12 வரை தண்ணீர் நிறுத்தப்படும்' என்பதைச் சரியாகப் படிக்காவிட்டால் தலையில் ஷாம்புவோடு நிற்க வேண்டியிருக்கும். அப்படி ஒருமுறை நின்றேன்.

காதுக்கு, ஜெர்மனியின் டாய்ச் வெல்லெ ஒலிபரப்பின் மெதுவாக வாசிக்கும் செய்திகள். எழுத்தும் கூடவே கிடைக்கும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்பேன், பிறகு பார்த்துக்கொண்டு, கடைசியாக வாசிப்பவரின் நிழல் மாதிரி அரை நொடி பின்னால் நானும் சொல்லிக்கொண்டே போவேன். வாய்க்கும் இது பயிற்சி. தலையில் இரண்டு புள்ளி வைத்த ஜெர்மன் 'ஓ' (ö) முதலில் வராது. உதட்டை 'ஓ' என்று குவித்துக்கொண்டு உள்ளே 'ஏ' சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

எண்கள் தனிக் கொடுமை. முப்பத்தேழை 'ஏழும் முப்பதும்' என்பார்கள். யாராவது போன் நம்பரை இரண்டிரண்டாகச் சொன்னால் ஓர் இடம் விட்டு ஏழை எழுதி, பின்னால் போய் மூன்றை எழுத வேண்டும். ரயில் நிலையத்தில் நின்று அறிவிப்பில் வரும் நடைமேடை எண்ணையும் நிமிடங்களையும் எழுதி எழுதித்தான் இது சரியானது. நேரம் இன்னும் மோசம். பல் மருத்துவரிடம் 'ஹால்ப் ஃபீர்' என்று நேரம் கொடுத்தார்கள். 'அரை நான்கு' என்றால் நாலரை என்று எடுத்துக்கொண்டு போனேன். அது மூன்றரையாம். நான்கை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்று கணக்கு. வரவேற்பறையில் இருந்த பெண் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம். பெரிய வசதி, பெரிய பொறியும்கூட. ப்ளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான அனுமதியில், வந்தவர்கள் ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மனோடு 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், பி1 என்ற இடைநிலை இருந்தால் 21 மாதத்திலேயே. அந்த ஆறு மாதக் கணக்கு என்னையும் உந்தியது உண்மை. ஆனால் நான் தடுமாறிய மறுநொடி சக ஊழியர்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். அவர்கள் காட்டுவது அன்புதான், கெடுவது நம் படிப்பு. 'நான் பழகிக்கொண்டிருக்கிறேன், மெதுவாக ஜெர்மனிலேயே பேசலாமா?' என்ற வாக்கியத்தை முதல் அட்டையாகவே வைத்துக்கொண்டேன். கேட்டபின் மறுத்தவர் ஒருவரும் இல்லை.

எதிர்வீட்டு அம்மாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அவருக்கு ஆங்கிலம் வராது. வாரம் ஒருமுறை அவருடைய கனமான பைகளை மேலே தூக்கி வருவேன், அவர் கால் மணி நேரம் பேசுவார், நான் தப்பும் தவறுமாகப் பதில் சொல்வேன். மரியாதைக்கு 'ஸீ', நெருக்கத்துக்கு 'டூ'. இந்த நீங்கள், நீ வித்தியாசமும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று பெருமையாக இருந்தேன்.

போன மாதம், பி1 தேர்வில் தேறிவிட்டேன் என்று சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் நாம் 'டூ' என்றே பேசிக்கொள்ளலாம் என்றார். இங்கே வயதில் மூத்தவர்தான் அதை முதலில் சொல்ல வேண்டும், அது ஒரு கௌரவம். சரி என்று தலையாட்டிவிட்டேன். எழுபது வயது அம்மாவை எப்படி 'நீ' என்பது? நாக்கு புரள மாட்டேன் என்கிறது. நான்கு வாரமாக 'நீ'யும் வராமல் 'நீங்கள்' என்பதும் வராமல் வாக்கியங்களை வளைத்து வளைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். "பை கனமாக இருக்கிறதா?" "வெளியே குளிர்கிறதா?" நேற்று அவர் கேட்டேவிட்டார், என்ன, உன் ஜெர்மன் திடீரென்று விசித்திரமாகிவிட்டதே என்று.