பழைய புல்லட்டும் பன்னிரண்டு வோல்ட்டும்

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் எங்கள் ஒயரிங் பட்டறைக்கு வந்தால் முதலில் கேட்பது, "6 வோல்ட்டை எடுத்துட்டு 12 வோல்ட் பண்ணித் தருவீங்களா?" என்பதுதான். தாராளமாகச் செய்யலாம். இரவில் ஓட்டுகிற வண்டி என்றால் மாற்றுவது நல்லது என்பதே என் எண்ணமும். ஆனால் மீட்டர் வைத்துப் பார்ப்பதற்கு முன் ஒரு சாமானும் வாங்க விடமாட்டேன். "6 வோல்ட்னா மங்கலாத்தான் எரியும்" என்று பழி சுமக்கும் வண்டிகள் பலவற்றில் வியாதி வோல்ட்டில் இல்லை, எர்த்தில், அதாவது கரண்ட் சேஸ் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதையில் இருக்கிறது.

35 வாட் பல்பு 6 வோல்ட்டில் எரிய ஏறக்குறைய 6 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். வழியில் துருப்பிடித்த ஒரு இணைப்பு 6 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டை விழுங்கினால், எட்டு சதவீதம் போயிற்று. அதே இணைப்பு 12 வோல்ட் வண்டியில் கால் வோல்ட்தான் தின்னும். அது இரண்டு சதவீதம். இதில் இன்னொரு சங்கடம், வெளிச்சம் வோல்ட்டைவிட வேகமாக விழும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 70-களில் வந்த தன் 350 வண்டியைக் கொண்டுவந்தார். சேஸ் முழுக்க புதிதாகப் பவுடர் கோட்டிங் அடித்து, கறுப்பு அப்படியே மின்னியது. டூம் எனப்படும் ஹெட்லைட் மட்டும் மஞ்சளாக அழுதது.

"பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி இதைவிட நல்லா எரிஞ்சுது தம்பி."

"ஐயா, விஷயமே அங்கதான் இருக்கு."

லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி எர்த் முனையிலும் இன்னொன்றை ஹெட்லைட் கூட்டிலும் வைத்தேன். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக் தோல். கரண்ட் அதைத் தாண்டாது. அழகுக்காக அடித்த பூச்சு ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் போய் உட்கார்ந்திருந்தது. எர்த் போல்ட்டைக் கழற்றி, வாஷர் உட்காரும் அளவுக்கு மட்டும் வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, துரு ஏறாமல் மேலே கிரீஸ் தடவினோம். டூம், டெயில் லாம்ப், என்ஜின் மூன்றிலிருந்தும் தனித்தனி எர்த் ஒயர் பேட்டரிக்கே இழுத்தோம். மறுபடி வைத்துப் பார்த்தபோது 0.1 வோல்ட்டுக்குக் கீழே. அதே 6 வோல்ட்டில், அதே பல்பு வெள்ளையாக எரிந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறமும் அவர் 12 வோல்ட் கேட்டார். ராத்திரியில் கிராமத்துக்குப் போய்வருகிறவர், 6 வோல்ட் பேட்டரியும் பல்பும் தேடி அலைவதும் அலுத்துவிட்டது. நியாயமான காரணம். சரி, செய்தோம்.

புல்லட் 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு வந்தது. பழைய வண்டியில் கரண்ட் வரும் வழி இது: கிராங்கின் முனையில் சுழலும் காந்தம், அதைச் சுற்றி அசையாத ஸ்டேட்டர் காயில். அந்தக் காந்தத்துக்கு 6, 12 என்ற கணக்கெல்லாம் கிடையாது. வோல்ட்டை முடிவு செய்வது பேட்டரியும் அதன் முன்னால் நிற்கும் ரெகுலேட்டரும்தான். பழைய மூன்று ஒயர் ஸ்டேட்டரில் பகலில் சில காயில்கள் மட்டும் வேலை செய்யும், லைட் போட்டால் மிச்சமும் சேரும். ரெகுலேட்டர் இல்லாமலே பேட்டரி கொதிக்காமல் இருக்க அப்போது கண்ட வழி அது. 12-க்கு மாற்றும்போது எல்லாக் காயில்களையும் எப்போதும் சேர்த்துவிட்டு, ஏசியை டிசியாக்கி வோல்ட்டையும் கட்டுப்படுத்தும் புது ரெகுலேட்டர் ரெக்டிஃபயரில் கொடுக்கிறோம். மிஞ்சியதை அது பார்த்துக்கொள்ளும். தொடங்கும் முன் எந்த முனை எர்த் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். கவனிக்காமல் கொடுத்தால் புது ரெக்டிஃபயர் அந்த நொடியே போய்விடும்.

பல்பு, ஹாரன், ஃபிளாஷர் எல்லாம் மாறும். மறக்கக் கூடாதது ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில். 6 வோல்ட் காயிலை அப்படியே விட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடவும் செய்யும். ஆனால் இரண்டு மடங்கு கரண்ட் இழுத்துக் காயில் சுடும், அதன் கரண்டை வெட்டிச் சேர்க்கும் பாயிண்ட் கருகும். ஆம்ப்மீட்டரை மாற்ற வேண்டாம். அது அளப்பது ஆம்பியரை.

பொறுமை வேண்டிய இடம் ஹெட்லைட் கூடு. ஆம்ப்மீட்டர், சுவிட்ச், டைகர் லாம்ப் எனப்படும் இரண்டு சிறு விளக்குகள், அத்தனைக்கும் போகும் ஒயர்கள் எல்லாம் அந்தக் குடத்துக்குள். ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி அங்கே மடியும் ஒயரின் தோல் விறைத்து, கையால் வளைத்தாலே உடையும். நுனியைச் சீவிப் பார்த்தால் செம்பு கருத்திருக்கும், ஈயம் பிடிக்காது. அந்த ஒயரில் ஒட்டுப்போடும் வேலையை நான் எடுப்பதில்லை. 12 வோல்ட்டில் கரண்ட் பாதிதானே, பழைய ஒயர் தாங்கும் என்று வாதிடுவார்கள். செம்பு தாங்கும், தோல் தாங்காது. அது பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகும் ஒயர்.

மாற்றி முடிந்ததும் அடுத்த ஆசை வரும், 60/55 வாட் ஹாலஜன் பல்பு. பழைய ஸ்டேட்டர் அதற்கு ஈடுகொடுக்காது. இக்னிஷனுக்குச் சராசரியாக 25 வாட், டெயில் லாம்ப் 5, டூம் 35 என்று வைத்தாலே 65 வாட் ஆகிறது. அதற்கு மேல் போனால் மெதுவாக ஓட்டும்போது ஆம்ப்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும், அதாவது பேட்டரி காலியாகத் தொடங்கும். எல்.இ.டி. குறைந்த வாட்டில் எரியும், உண்மைதான். ஆனால் பழைய டூமின் குழி, இழை எரியும் புள்ளியை வைத்துச் செய்யப்பட்டது. எல்.இ.டி. சில்லு அந்தப் புள்ளியில் உட்காராவிட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஆகவே டூமுக்கு 35/35 ஹாலஜன், டெயில் லாம்ப்பில் மட்டும் சிவப்பு எல்.இ.டி., இதுதான் நான் சொல்வது.

பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. டைமிங் நிலையாக நிற்கும் என்பது சரிதான், ஊருக்குள் ஓட்டுபவர் போட்டுக்கொள்ளட்டும். தூரம் போகிறவர் ஒரு பாயிண்ட் செட்டும் கண்டென்சரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் கையில் வைத்திருந்தால், ஏற்காடு மலைப்பாதையின் நடுவில் நின்றாலும் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இடைவெளி வைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிடலாம். எலெக்ட்ரானிக் பெட்டி செத்தால் வண்டியை லோடு ஆட்டோவில்தான் ஏற்ற வேண்டும்.

ஆசிரியரின் வண்டியில் கடைசியாக பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டோம். என்ஜின் வேகத்தைக் கூட்டி ஓடவிட்டு பேட்டரி முனையில் 14 வோல்ட் பார்த்தோம். எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு டூல் பாக்ஸில் வைத்தோம். அடுத்து அந்த வண்டியைப் பிரிப்பவர் எந்த ஊர் மெக்கானிக்காக இருந்தாலும் அவருக்கு உதவும்.