அனுமதி கையில், அளவு தகராறில்

வீட்டுக்குப் பிளான் போட்டு அப்ரூவல் வாங்கிக் கொடுப்பதுதான் என் தொழில். முன்பெல்லாம் அம்மோனியா வாடை அடிக்கும் ப்ளூ பிரிண்டுகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலுவலக வராந்தாவில் நிற்போம், "சார் சைட்டுக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்பார்கள். 2024 ஜூலையில் எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று நாமே சான்றளிக்கும் சுயசான்றிதழ் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பிறகு நிஜமாகவே காலம் மாறிவிட்டது. 2,500 சதுரடி வரை மனை, 3,500 சதுரடி வரை கட்டடம், தரைத்தளமும் மேலே ஒரு மாடியும் என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றிக் கட்டணத்தைக் கட்டினால் போதும், அனுமதி உடனே வந்துவிடுகிறது. யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை. சொந்த வீடு கட்ட நினைக்கும் சாதாரண குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வராந்தாவில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, தாமதம் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை, அது நிலத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

சமீபத்தில் ஒரு அண்ணன் வந்தார். பத்திரத்தில் "கிழமேல் இருபுறமும் 30 அடி, தென்வடல் இருபுறமும் 40 அடி, ஆக 1,200 சதுரடி" என்று சுத்தமாக இருக்கிறது. இடத்தில் டேப் பிடித்தால் தென்புறம் இருபத்தெட்டரை அடிதான். பட்டாவைப் பார்த்தால் பல பேர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டா, அவர் மனையைத் தனி எண்ணாகப் பிரிக்கும் உட்பிரிவே ஆகவில்லை, சர்வே வரைபடமான புலப்படத்தில் அந்த மனைக்கென்று ஒரு கோடு கூடக் கிடையாது. "ஆன்லைன்ல உடனே கிடைக்கும்னு சொன்னாங்களே தம்பி, பேங்க்ல லோனும் சாங்ஷன் ஆயிடுச்சு" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இணையதளம் நாம் கொடுக்கும் அளவை நம்பித்தான் அனுமதி தருகிறது. பத்திரத்து 30 அடியை அப்படியே போட்டு எல்லையிலிருந்து விட வேண்டிய பக்கத்து இடைவெளியெல்லாம் சரியாக இருக்கிறது என்று படத்தில் காட்டிவிடலாம், கட்டும்போது அந்த ஒன்றரை அடி எங்கிருந்து வரும்? கீழே கையெழுத்துப் போடுவது உரிமையாளரும் நானும். முதலில் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன், கோபித்துக்கொண்டுதான் போனார். சர்வேயர் வருவதற்காக இன்னும் காத்திருக்கிறார்.

தெலங்கானா 2020லேயே இந்த வழிக்கு வந்துவிட்டது. அங்கே 75 சதுர கஜம் வரையிலான மனையில் சிறு வீடு கட்ட அனுமதியே வேண்டாம், ஒரு ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும். அதிகாரியின் மேசையைத் தாண்டுவதற்கு மென்பொருள் போதும் என்று இரண்டு மாநிலங்களும் காட்டிவிட்டன. ஆனால் சங்கிலி பிடித்து, கல் நட்டு, பக்கத்து மனைக்காரரை வைத்துக்கொண்டு எல்லை காட்ட ஆள் வேண்டுமே. இணையதளத்துக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியையாவது நில அளவைத் துறைக்கும், உட்பிரிவு மனுக்களை வேகமாக முடிப்பதற்கும் காட்டினால் எங்கள் ஊர்களில் வீடு கட்டும் வேலை இப்போதைவிட மாதக்கணக்கில் முன்னதாகத் தொடங்கும். அதுவரை யார் பிளான் கேட்டு வந்தாலும், எத்தனை பெட்ரூம் என்று பேசுவதற்கு முன் பட்டாவைக் கேட்டு வாங்கி, இடத்தில் டேப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கணினியைத் திறப்பது என்று வைத்திருக்கிறேன்.